ஈரம் காய்வதற்குள் ஒரு கண்

“இதுக்குக் கண்ணே இல்லையாம் ஆன்ட்டி,” என்று சொல்லிக் குதிரையை என் மடியில் வைத்தாள் ஜான்சி.

நான் குனிந்து பார்த்தேன். நான் எழுதிய கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்புக்குள் பழுப்பு, பழுப்புக்குள் மயிரிழையாக ஒரு வெளிச்சம். வார்னிஷ்கூட மங்கவில்லை.

“கண்ணு இல்லையா? அப்பம் இது என்ன, நெத்திப்பொட்டா?”

“உங்களுக்கும் எனக்கும் இருக்கு. எங்க பிள்ளைங்களுக்கு இல்லையே. விரல் வச்சுத் தடவிப் பாத்துட்டு, காது இருக்கு, மூக்கு இருக்கு, கண்ணு எங்க டீச்சர்னு கேட்டாங்க. ஜோயான்னு ஒருத்தி இருக்கா, பெரிய வாய். இந்தக் குதிரையும் நம்மள மாதிரியான்னு கேட்டா.”

தண்ணீர்த் தொட்டியில் ஆட்டுத்தோலை அமுக்கிக்கொண்டிருந்த கலீலுல்லா கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினார்.

ஜான்சி செம்பூரில் பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் டீச்சர். தூத்துக்குடிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஒரு கைவினைச் சந்தையில் எங்கள் தோல் காண்டாமிருகத்தைப் பார்த்தவள், கடையில் நின்ற கலீலுல்லாவின் மனைவி நஜ்முன்னிசாவிடம் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தலையிலிருந்து வால்வரை தடவினாளாம். மறுவாரமே தாராவியில் எங்கள் பட்டறையைத் தேடிப்பிடித்து, ஏணிப்படி ஏறி வந்துவிட்டாள். “பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் ஒரே வழுக்கு பாய். யானையும் ஒண்ணு, பக்கெட்டும் ஒண்ணு. இதுதான் தோல். இதத் தொட்டா மிருகம்னு தெரியுது” என்றாள். பிள்ளைகளுக்குப் பிடித்தால் பள்ளிக்கு ஒரு கூட்டமே செய்து தரவேண்டும் என்று பேச்சு. அதற்கு மாதிரியாக எடுத்துப்போன குதிரைதான் இப்போது என் மடியில் திரும்பி வந்திருந்தது.

“கண்ணு கைக்குத் தட்டுப்படணும் பாய்,” என்றாள் ஜான்சி. “மேடா இருக்கணும், சுத்தி இமை இருக்கணும். அப்பதான் ஆர்டர் சொல்ல முடியும். பெயிண்ட் தப்புன்னு சொல்லல. எங்க பிள்ளைங்க விரலுக்கு அது தெரியாது.”

கலீலுல்லா என்னைப் பார்த்தார். நான் குதிரையைப் பார்த்தேன். ஆட்டை வெட்டப்போகிற நேரத்தில் வருமே ஒரு அமைதி, அது மாதிரி இருந்தது. கீழே பர்ஸ் தைக்கிற மிஷின்கள் மட்டும் கடகடவென்று ஓடின.

அவர் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் இந்த அமைதி விளங்கும்.

மரத்துண்டில் கம்பி சுற்றி, பஞ்சும் காகிதக் கூழும் அப்பி, முதலில் மிருகத்தின் உடம்பைக் கட்டுவார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலை ஊறவைத்துப் பிழிந்து அதன்மேல் போர்த்துவார். பிறகு ஒரு எலும்புத் துண்டை வைத்து இழுத்து இழுத்து அமுக்குவார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளில் சதை எழும்பும், கழுத்தில் மடிப்பு விழும், விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். கடைசியில் தோலின் ஓரங்களைத் தாடைக்கு அடியில் சேர்த்து, ஒரு சுண்டு சுண்டி இழுத்து, நூலால் வரிந்து கட்டிவிடுவார். ஃபேன் காற்றில் காய்ந்த பிறகு நூலை அவிழ்த்தால், அப்படியே நிற்கும். நஜ்முன்னிசா பஞ்சில் சாயம் தொட்டு, மெலிதாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவாள். முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, எருமை எருமையாகவும் ஒட்டகம் ஒட்டகமாகவும் ஆகிவிடும்.

கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் நெற்றி மாதிரி வெறுமையாக, வழவழவென்று இருக்கும்.

“உசுரு குடுக்க முடியாதவன் கண்ணத் தொடக் கூடாதுன்னு எங்க உம்மா சொல்லிட்டாவ,” என்பார் கலீலுல்லா. அவர்கள் வீட்டு வழக்கம் அது. ஊரில் மற்றவர்கள் எப்படியோ, அவர் அதை மீறியதில்லை.

கண் என் வேலை. அதற்கு முன்னால் நான் பரேலில் பிள்ளையார் சிலை செய்கிற கூடத்தில் கண் எழுதிக்கொண்டிருந்தேன். வருஷத்தில் சில மாதம்தான் அந்த வேலை. என் வீட்டுக்காரர் சுயம்பு தவறிப்போன மழைக்காலத்தில், அடுத்த வேளைக்கு என்ன என்று நான் உட்கார்ந்திருந்தபோது, கலீலுல்லா வாசலில் வந்து நின்றார். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் வந்து, “ஏதாச்சும் வேலை பாத்துத் தாரோம்க்கா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை.

“அக்கா, எங்க யானைக்குக் கண்ணு இல்ல. நீங்க வந்து எழுதணும்,” என்றார்.

அன்றிலிருந்து மேல்மாடியில் ஜன்னலோரம் எனக்கு ஒரு பலகை. அவருக்கு நான் அக்கா, அதனால் நஜ்முன்னிசாவுக்கு மைனி. அவர் கையில் குருடாக நிற்கிற மிருகம் என் பலகைக்கு வந்துதான் பார்க்கத் தொடங்கும்.

இப்போது ஜான்சி வந்து, உன் கண் கண்ணே இல்லை என்று சொல்லிவிட்டாள். கோபப்படவும் வழியில்லை. அவள் சொன்னது நியாயம்.

அவள் படியிறங்கிப் போனதும் நஜ்முன்னிசாதான் பேச்சைத் தொடங்கினாள்.

“இதுக்கா இப்பிடி உக்காந்திருக்கிய? மஸ்ஜித் பந்தர் பஜார்ல கண்ணாடிக் கண்ணு பாக்கெட் பாக்கெட்டா விக்கான். வாங்கி ஒட்டிவிட்டா முடிஞ்சி போச்சு. கீழ தைக்குற பயலுவளே ஒட்டிருவானுவ.”

“ஒட்டிருவானுவ,” என்றேன் நான்.

என் குரலில் என்ன கேட்டதோ, அவள் சாயக் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

“மைனி, நா அதுக்குச் சொல்லல.”

“நீ சரியாத்தான சொல்லுத. கண்ணாடிக் கண்ணு ஒட்டிட்டா அப்புறம் பெயிண்ட் எதுக்கு? பெயிண்ட் இல்லன்னா நா எதுக்கு?”

“சவத்த விடுங்க மைனி. இது ஒரு ஆர்டர். மத்த மாலுக்கெல்லாம் நீங்கதான எழுதப் போறிய?”

மற்ற சரக்கு என்ன இருந்தது? கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அந்த வருஷம் முழுக்க என் பலகைக்கு வந்த மிருகங்களை ஒரு பாயில் நிறுத்திவிடலாம். இந்தப் பள்ளி ஆர்டர் வராவிட்டால் கலீலுல்லா மேல்மாடியையும் பர்ஸ் மிஷினுக்கு விட்டுவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தாலோ, அதில் என் கண்ணுக்கு இடமில்லை. எப்படிப் பார்த்தாலும் நான் எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

சாயங்காலம் டோம்பிவிலியிலிருந்து மகன் சிவகுருநாதன் போன் செய்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவனிடமும் சொல்லிவிட்டேன்.

“நல்லதாப் போச்சும்மா. இங்க வந்துருங்க. லிஃப்ட் இருக்கு, பால்கனி இருக்கு.”

“லிஃப்ட்டுல ஏறி எங்கய்யா போவ?”

“கீழ வாக்கிங் போலாம்.”

“வாக்கிங் போயி?”

“திரும்பி லிஃப்ட்டுல மேல வரலாம்.” அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரிம்மா, வேலை இருக்குற வரைக்கும் இருங்க. முடிஞ்சிட்டுன்னா வந்துரணும். அந்த ஏணியில நீங்க ஏறுறத நெனச்சா ட்ரெயின்ல எனக்கு வேர்க்குது. இந்தத் தடவ சாக்குப்போக்கு சொல்லக் கூடாது.”

“சரி.”

நல்ல பிள்ளைதான். மருமகளும் ஒரு சொல் கடிந்து பேசாதவள். ஆனாலும், சரி என்று சொன்ன பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் வீட்டில் எனக்கு எல்லாம் கிடைக்கும். ‘அது முடியல, நீ வந்துதான் முடிக்கணும்’ என்று அங்கே எதுவும் காத்துக்கொண்டிருக்காது.

மறுநாள் மேலே ஏறியபோது, என் பலகையில் ஒரு கிண்ணம் நிறைய வறுத்த புளியங்கொட்டை இருந்தது.

“இது என்ன நஜ்மு, திங்கவா?”

“பல்லு இருந்தாத் தின்னுங்க,” என்றாள் அவள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “டீச்சருக்குப் போன் போட்டேன். கண்ணாடிக் கண்ணு வேண்டாங்கா. பிள்ளைக மொதல்ல அதத்தான் பிச்சு எடுக்குமாம், சின்னது வாயில போட்டுக்கிடுமாம். ஒட்டுன கண்ணு ஆகாது, தோலோட சேந்து எந்திரிக்கணும்னு சொல்லுதா. அப்பம் உள்ள எதாச்சும் வச்சித்தான தோல மேல போத்தணும்? ஆட்டுக் கண்ணுக்கு இந்தக் கொட்டை சரியா வரும்லா?”

“வரும். ஆனா தோலு போத்துறது உம் மாப்பிள்ள வேலையில்லா?”

“அவரு கொட்டையும் வைக்க மாட்டாரு, இமையும் அமுக்க மாட்டாரு. ராத்திரியே கேட்டுட்டேன். கண்ணு அக்காவோடது, அத எடுத்து நா வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், நானும் எடுத்துக்கிட மாட்டேன், அக்கா செஞ்சா இந்த ஆர்டரு, இல்லாட்டி வேண்டாம்னுட்டாரு.”

தொட்டிப் பக்கம் பார்த்தேன். கலீலுல்லா எதுவுமே காதில் விழாதவர் மாதிரி தோலைப் பிழிந்துகொண்டிருந்தார். ரொம்ப நேரமாகப் பிழிந்த தோல் அது. அதில் சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

“தம்பி, ஈரத்தோல நா கையாலகூடத் தொட்டது இல்லையே,” என்றேன்.

“தொட்டா ஒண்ணும் கடிக்காதுக்கா.”

என் வேலை எப்போதும் கடைசியில் வரும். மிருகம் முழுசாக, காய்ந்து, சாயம் ஏறி என்னிடம் வந்த பிறகுதான் நான் தூரிகையை எடுப்பேன். இப்போது மிருகம் பிறப்பதற்கு முன்னாலேயே கண்ணை வைக்கவேண்டும் என்றாகிவிட்டது.

முதலில் ஓர் ஆடு எடுத்துக்கொண்டோம். காகிதக் கூழ் உடம்பின் தலையில், நான் வழக்கமாகக் கண் எழுதுகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையைப் பசைபோட்டு ஒட்டினேன். அவர் தோலைப் போர்த்திவிட்டு விலகிக்கொண்டார். எலும்புத் துண்டை வாங்கி, கொட்டையைச் சுற்றி மேலிமை, கீழிமை, மூக்கோரத்து மடிப்பு எல்லாம் அமுக்கினேன். ஈரத்தோல் வெண்ணெய் மாதிரி குழைந்து கொடுத்தது. இத்தனை காலம் தூரிகையின் முனையில் நான் ஏமாற்றிக்காட்டிய குழியும் மேடும் இப்போது நிஜமாகவே விரலுக்கடியில் எழுந்து வந்தன. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

“முடிஞ்சிட்டு தம்பி.”

அவர் வந்து, எப்போதும்போல ஓரங்களைத் தாடைக்கு அடியில் சேர்த்து, எப்போதும்போல ஒரு சுண்டு சுண்டி இழுத்துக் கட்டினார்.

காய்ந்து நூலை அவிழ்த்தபோது நஜ்முன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

கண் ஒரு இடத்தில் இருந்தது, இமை ஒரு இடத்தில் இருந்தது. நான் அமுக்கிய இமையெல்லாம் வழுக்கிக் கன்னத்துக்கு இறங்கிவிட்டன. கொட்டை மட்டும் போட்ட இடத்தில், கொம்புக்குக் கீழே கட்டி புறப்பட்ட மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது.

“பல்வலி வந்த ஆடு,” என்றாள் நஜ்முன்னிசா.

“தோலு நகருமா தம்பி?” என்று கேட்டேன்.

கலீலுல்லாவுக்கு ஆச்சரியம். “நகராமக்கா? கடைசி இழுவையில கீழ எறங்கும். காயக் காய இன்னும் கொஞ்சம் இழுக்கும். இத்தன வருசமா இங்கனதான இருக்கிய, உங்களுக்குத் தெரியாதா?”

“எங்கிட்ட எல்லாம் காஞ்சில்லா வருது. ஈரத்தோலு நகருறத நா என்னத்தக் கண்டேன்? சரி, உனக்குத் தெரியுமில்லா, கடைசி இழுவைக்குக் கண்ணு எறங்கிரும்னு சொல்ல வேண்டியதுதான?”

அவர் ஆட்டை வாங்கிக் கையில் திருப்பினார். முகத்துக்கு நேராக வரும்போது அவருடைய பார்வை தானாகவே காதுக்கு நகர்ந்ததை நான் கவனித்தேன்.

“அந்த எடத்த நா பாத்ததே இல்லக்கா,” என்றார் மெதுவாக. “எங்கன வரும், எம்புட்டுக் குழி, ஒண்ணும் தெரியாது. வழவழன்னு தேச்சி விட்டுருவேன். அது உங்க எடம்னு விட்டுருவேன்.”

அவருக்குத் தோல் தெரியும், கண் தெரியாது. எனக்குக் கண் தெரியும், தோல் தெரியாது. ஒரே மாடியில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி இருந்திருக்கிறோம்.

“அப்பம் ஒண்ணு செய்யி,” என்றேன். “கட்டுறதுக்கு முன்னாலயே கடைசி இழுவைய இழுத்துப் பிடி. நீ பிடிச்சிருக்கும்போதே நா இமைய அமுக்கிருதேன். நீ விடாமக் கட்டிரு.”

“நா பிடிக்கும்போதா?”

“ஆமா.”

“கண்ணு எம் மொகத்துக்கு நேரால்லாக்கா இருக்கும்.”

“இருக்கத்தான் செய்யும்.”

யோசித்தார். கையைத் துடைத்தார். மறுபடி நனைத்தார். “நா தோலத்தான் பிடிக்கேன்,” என்றார், யாரோ குறுக்குக் கேள்வி கேட்டமாதிரி. “கண்ணு நா வைக்கல.”

“உங்கள யாரு கேட்டா?” என்றாள் நஜ்முன்னிசா.

“என்னைய நானே கேட்டுக்கிடுதேன். நீ சாயத்தப் பாரு.”

அடுத்த ஆட்டுக்கு அப்படித்தான் செய்தோம். இந்த முறை காகிதக் கூழில் நானே பெருவிரலால் குழி பறித்து, கொட்டையைக் குழிக்குள் உட்காரவைத்தேன். அவர் தோலைப் போர்த்தித் தாடைக்கு அடியில் சேர்த்து இழுத்துப் பிடித்தார். பிடித்துக்கொண்டு தலையை அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பெல்ட் பக்கிள் கம்பெனிக் காலண்டர் ஒன்று தொங்கியது.

“இன்னும் கொஞ்சம் இழு.”

“இழுத்தாச்சு.”

“எங்க இழுத்த? காலண்டர வாசிச்சிட்டு இருக்க.”

“நா வாசிக்கலக்கா.”

“இன்னைக்கி என்ன தேதின்னு கேளுங்க மைனி, டக்குனு சொல்லுவாரு.”

“ஏட்டி, நீ சும்மா இரு. தம்பி, வலப்பக்கம் தொய்யுது. ஆங், அப்பிடியே. மூச்சு விடாத.”

“மூச்சு விடாம எம்புட்டு நேரம்க்கா?”

“மூச்சு விடு, கைய அசைக்காத.”

அவர் கையிலிருந்த இழுப்பு தோல் வழியாக என் எலும்புத் துண்டுக்கு வந்தது. அதை இதற்குமுன் நான் உணர்ந்ததில்லை. நான் அமுக்கினால் அவருக்குத் தெரிந்தது. ஒரு நூலளவு விட்டுக்கொடுத்தார். நான் நிறுத்தினால் அவர் இறுக்கினார். ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மேலிமை விழுந்தது, கீழிமை எழுந்தது, நடுவில் கொட்டை உருண்டு நின்றது. “கட்டு,” என்றேன். கட்டினார்.

காய்ந்ததும் நஜ்முன்னிசாதான் முதலில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். இமையில் வந்ததும் விரல் நின்றது. சிரிக்கவில்லை.

“மைனி,” என்றாள், “இது பாக்குதே.”

கலீலுல்லா தொட்டியில் அடுத்த தோலைப் போட்டார். “அல்ஹம்துலில்லாஹ்” என்று அவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு மாடி முழுக்க வேலைதான். ஒட்டகத்துக்கு நீள இமை. யானைக்குச் சின்னக் கண், சுற்றிலும் சுருக்கமோ சுருக்கம். முதலைக்கு மண்டைக்கு மேலே இரண்டு மேடு. அதற்குக் கொட்டை போதவில்லை, தோல் துண்டுகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கினேன். மங்கலாகக் கொஞ்சம் தெரிகிற பிள்ளைகளும் உண்டு, நிறம் எதிரும் புதிருமாக இருந்தால் அவர்களுக்குப் பிடிபடும் என்று ஜான்சி சொல்லியிருந்தாள். அதனால் நஜ்முன்னிசா தன் மெல்லிய சாயத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, வெள்ளாட்டுக்கு வெள்ளையும் கறுப்பும், ஒட்டகத்துக்கு மஞ்சளும் கரும்பழுப்புமாக அடித்து ஏற்றினாள். குழியில் இருட்டு, மேட்டில் வெளிச்சம். “கல்யாண வீட்டு பேண்டு செட்டு மாதிரி இருக்கு,” என்று தானே குறையும் சொல்லிக்கொண்டாள். கண்ணுக்கு நான் வண்ணமும் எழுதினேன். தெரிகிறவர்களுக்குத் தெரியட்டும்.

பள்ளிக்கு மூன்று பேரும் போனோம். சயானிலிருந்து பஸ். மிருகங்களைப் பழைய புடவைகளில் சுற்றி ஆளுக்கொரு பையாகப் பிடித்துக்கொண்டோம். கலீலுல்லா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பிள்ளைகள் இதையும் கண் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமையே சிவகுருநாதன் டெம்போவோடு வந்து நிற்பான்.

வகுப்பில் நீள மேசை போட்டு, மிருகங்களை வரிசையாக நிறுத்தினாள் ஜான்சி. பிள்ளைகள் கைகளால் பாய்ந்தார்கள். “யானை, யானை, தும்பிக்கை எனக்கு.” “இது ஊன்ட், ஒட்டகம். இதுக்கு முதுகுல மலை இருக்கு.” “டீச்சர், முதலைக்கு மண்டைல கண்ணா?” ஒரு பையன் முதலையின் கண்ணைத் தொட்டுவிட்டுத் தன் கண்ணைத் தொட்டான். மறுபடி முதலையைத் தொட்டான். எதையோ சரிபார்க்கிறவன் மாதிரி அதையே செய்துகொண்டிருந்தான்.

எருமைக்கு முன்னால் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி நின்றாள். இரண்டு கையாலும் எருமையின் முகத்தைப் பிடித்து, பெருவிரல்களை இரண்டு கண்ணிலும் வைத்து, தலையைச் சாய்த்து யோசித்தாள்.

“டீச்சர், இது கலத் இருக்கு. தப்பா இருக்கு.”

“என்ன ஜோயா?”

“ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்ல. இந்தக் கண்ணு மேல ஏறியிருக்கு.”

ஜான்சி சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். நான் கிட்டே போய் எருமையைப் பார்த்தேன். பார்க்க நேராகத்தான் இருந்தது. ஜோயா என் கையைப் பிடித்து, என் பெருவிரல்களை அவள் வைத்த இடத்தில் வைத்தாள்.

“இப்ப பாருங்க.”

ஆமாம். வலது கண் ஒரு நெல் அளவு மேலே.

“நீங்க யாரு?”

“நாந்தாம்மா கண்ணு செஞ்சவ.”

“எருமையோட பாக்கி உடம்பு?”

“அது அந்தா வாசல்ல நிக்காரே, அவரு.”

“ரெண்டு பேரா செஞ்சீங்க?” என்றாள் ஜோயா. “அதான்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நஜ்முன்னிசா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நான் எருமைக்குக் கையை நீட்டினேன்.

“கொண்டாம்மா, நா கொண்டு போயி சரி பண்ணித் தாரேன்.”

“காஞ்ச தோல ஒண்ணும் பண்ண முடியாதுக்கா,” என்று வாசலிலிருந்து முனகினார் கலீலுல்லா.

ஜோயா எருமையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “குடுக்க மாட்டேன். இதுக்குப் பேரு வச்சாச்சு. நீங்க அடுத்த எருமைய சரியாப் பண்ணுங்க.”

“அடுத்த எருமையா?”

“எனக்கு மட்டும் போதுமா? அடுத்த கிளாஸ்ல கேக்க மாட்டாங்களா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன் ஆன்ட்டி,” என்றாள் ஜான்சி. “நாசிக்லயும் புனேலயும் எங்கள மாதிரி ஸ்கூல் இருக்கு. போட்டோ அனுப்பியிருந்தேன். அவங்களும் கேக்குறாங்க. பறவை முடியுமா, மீன் முடியுமான்னு லிஸ்ட் நீளமா இருக்கு.”

நான் அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்தேன். குறை சொன்ன வாய்க்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு அனுப்பியிருந்தால் ஒரு நாள் சந்தோஷம். அடுத்ததைச் சரியாகச் செய் என்றாளே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. யாரிடம் போய் இதற்கு நன்றி சொல்ல? மனசுக்குள் சுடலைமாடனையும் கூப்பிட்டேன், கலீலுல்லாவின் அல்லாவையும் கூப்பிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சிவகுருநாதனைக் கூப்பிட்டேன். “ஐயா, ஞாயித்துக்கிழமை வாரேன். பேரப்பிள்ளைகளப் பாத்துட்டு சாயங்காலம் திரும்பிருவேன். வேலை கெடக்கு.”

“ஏணி, அம்மா…”

“கலீல் தம்பி கைப்பிடிக் கயிறு கட்டித் தாரேங்காரு.”

“நா எப்பம் சொன்னேன்?” என்றார் முன்சீட்டிலிருந்து கலீலுல்லா.

“இப்பம் சொல்லு.”

“கட்டித் தாரேன்,” என்றார் போனுக்குக் கேட்கும்படி.

பிறகு தாராவி வரும்வரை தன் இரண்டு கையையும் மடியில் வைத்து, எதையோ பிடித்து இழுப்பதுபோல விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் என் பலகை ஜன்னலோரத்திலிருந்து தொட்டிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அடுத்த எருமையின் உடம்பு தயாராக நின்றது. குழிகளைப் பறித்துக் கண்ணை உட்காரவைத்தேன். அவர் தோலைப் போர்த்தினார்.

“அக்கா, நேத்து பஸ்ஸுல யோசிச்சேன். நா தலையத் திருப்புனா தோளும் சேந்து திரும்புது. அதான் ஒரு பக்கம் இழுவை கூடிப்போவுது. தப்பு எம் மேலதான்.”

“அதுக்கு என்ன செய்ய? நீ பாக்க மாட்டியே.”

“பாக்க மாட்டேன்.”

தோலின் ஓரங்களைத் தாடைக்கு அடியில் சேர்த்தார். முகத்தை எருமைக்கு நேராக வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“சொல்லுங்கக்கா,” என்றார். “கை நேரா வருதான்னு பாத்துச் சொல்லுங்க.”

“நேராத்தான் இருக்கு,” என்றேன். “இழு.”